இடப்பக்க மட்கார்டு

சண்முகம் தூத்துக்குடியிலிருந்து கல்கத்தாத் துறைமுகத்தையொட்டிய கிடர்பூருக்கு டிங்கர் வேலைக்கு வந்தவன். எங்கள் வீட்டுக் கீழ் அறையில் குடியிருக்கிறான். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. நானும் நாலு பெண் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும், "லேண்ட்மாஸ்டர் முடியட்டும் ஆச்சி" என்றே சொல்வான்.

அந்த லேண்ட்மாஸ்டர் என் வயதையொத்த கார். வெறும் கூடாக வாங்கிச் சந்தில் நிறுத்தினான். ஒன்பது வருஷமாகப் பாகம் சேர்க்கிறேன் என்பான். இல்லை, பதினொன்று, எனக்குத் தெரியும். பானெட் ஹவுராவில் ஒரு காயலான் கடையில் அகப்பட்டது. டிக்கிக் கதவு யார் வீட்டிலோ கோழிக்கூண்டுக்குக் கூரையாகக் கிடந்தது. புதுத் தகரம் அடித்துப் பட்டி பூசி மறைப்பதெல்லாம் அவனுக்கு ஆகாது. "அந்த வளைவு என் சுத்தியலுக்கு வராது ஆச்சி" என்பான். கடைசியில் இடப்பக்க முன் மட்கார்டு மட்டும் பாக்கி. அது இல்லாமல், ஒரு கன்னத்தைப் பறிகொடுத்ததுபோல நின்றது கார்.

இந்த வருஷம் விஸ்வகர்மா பூஜை அன்று காலையில் ஓடிவந்தான்.

"ஆச்சி, கெடச்சிட்டு! ஆமினாக்கா கடையில இருக்கு. ஆனா நாளைக்கு விடியுமுன்ன உருக்காலைக்கு லாரி ஏத்துதாவளாம். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

காயல்பட்டணத்து ஆமினா எனக்கு முப்பது வருஷப் பழக்கம். புருஷன் போனபின் காயலான் கடையை அவள்தான் நடத்துகிறாள். நாங்கள் போனபோது மழை ஓய்ந்திருந்தது. கடை முற்றம் முழுக்கத் தண்ணீர், தண்ணீர் முழுக்க வானம். அன்று ஊரே பட்டம் விடும். அத்தனை பட்டங்களும் எங்கள் காலடியில் மிதந்துகொண்டிருந்தன. நடுவில் சக்கரமில்லாத லேண்ட்மாஸ்டர் ஒன்று, கரை ஒதுங்கிய படகு மாதிரி. மட்கார்டில் ஒரு நெளிவு இல்லை. சண்முகம் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தடவினான். வெகுநேரம் திறக்கவே இல்லை.

கழற்ற வேண்டுமே! ஸ்பேனர், சுத்தியல், கேஸ் கட்டர், தராசு எல்லாம் சாமந்தி மாலையோடு சாமிக்கு முன்னால் அடுக்கியிருந்தன. அன்றைக்கு எந்தக் கருவியையும் தொடக் கூடாது.

"ஒன் ஸ்பேனர் எங்கலே?" என்று கேட்டேன்.

"நானும் அதுக்குப் பூ வச்சிட்டுல்லா வந்திருக்கேன்."

"இன்னைக்குக் கருவியத் தொட்டா எங்க ஆளுவ நாளைக்கு வேலைக்கு வரமாட்டானுவ. லாரியவும் நிப்பாட்ட முடியாது ஆச்சி" என்றாள் ஆமினா.

சண்முகம் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரிலே. ஸ்பேனருக்குத்தான லீவு? தோளுக்கு இல்லல்லா. காரையே தூக்கு" என்றேன்.

"முழுக் காரையுமா?"

"பின்ன, அரைக் காரையா?"

ஆமினா சிரித்துவிட்டாள். "தராசுக்கும் லீவுதான். கண்ணால பாத்து ஒரு வெல சொல்லுதேன், கொண்டு போங்க."

பூஜைக்குப் பொங்கிய கிச்சுரி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்கள் எட்டுப் பேர் கை கழுவிவிட்டு வந்தார்கள். எஞ்சின் இல்லாத கூடுதானே, தூக்கிக் கைவண்டியில் வைத்துக் கயிறு கட்டிவிட்டார்கள். தெருவில் வண்டி இறங்கியதும் ஒருவன் மேளத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். சாமி வருகிறது என்று நினைத்து மாடியிலிருந்து பெண்கள் குலவையிட்டார்கள், பூப் போட்டார்கள். டிராம் கம்பி, கிரேன், பட்டம் எல்லாவற்றுக்கும் கீழே அந்தத் துருப்பிடித்த கார் ஆடி அசைந்து போயிற்று. சண்முகம் மட்கார்டில் வைத்த கையை எடுக்கவில்லை.

"கால் நனஞ்சு போச்சே, செருப்பப் போடேன்" என்றேன்.

"பேசாதிய ஆச்சி. முழிச்சிருவேன்."

மறுநாள் ஸ்பேனருக்கு வேலை வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மத்தியானத்துக்குள் போல்ட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டான். மட்கார்டைத் தூக்கித் தன் காரில் வைத்தான். துளைக்கு நேராகத் துளை வந்தது. ஒன்றுகூட விலகவில்லை. கடைசி போல்ட்டை முடுக்க என்னைக் கூப்பிட்டான். முடுக்கினேன்.

"போதும் ஆச்சி. தகரம் கிழிஞ்சிரும்."

அஞ்சாவது பெண்ணை நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.