கொக்கியக்காவின் நாலு ட்ரே

ஸ்ட்ராபெரி நாற்றுப் பண்ணையில் எல்லோரும் அவளைக் கொக்கியக்கா என்றே கூப்பிட்டார்கள். தாய்ச்செடி நாலாபக்கமும் கொடி நீட்டும். கொடியின் கணுவில் ஒரு குட்டி முளைக்கும். அந்தக் குட்டியைச் சின்னத் தொட்டி மண்ணில் உட்காரவைத்து, நகராதபடி வளைத்த கம்பிக் கொக்கியால் பிடித்துவைப்பது அவள் வேலை. குருத்து மண்ணுக்குள் புதைந்தால் அழுகிவிடும், மண்ணில் படாமல் தூக்கி நின்றால் காய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நூலிழை அளவுதான் இடம். பத்தொன்பது வருஷமாக அந்த நூலிழையைத் தேடித்தேடி அவள் கட்டைவிரல் நகம் ஒரு பக்கம் தேய்ந்தே போயிருந்தது.

அவள் நூறு வைத்தால் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் பிழைக்கும். "அந்தம்மாவுக்குக் கைராசி" என்பார் முதலாளி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.

புகழ்ச்சிதான். ஆனால் கெட்டிக்காரப் புகழ்ச்சி. முதுகொடியக் கற்ற வேலைக்கு ராசி என்று பெயர் வைத்துவிட்டால் கற்றவளுக்கு மரியாதை தரவேண்டியதில்லை. அதைவிட வசதி ஒன்று உண்டு. வேண்டாதபோது, ராசி போய்விட்டது என்று சொல்லிவிடலாம்.

இந்த வருஷம் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது கூடாரத்தில் அவள் வைத்த குட்டிகள் அத்தனையும் இரண்டே வாரத்தில் சுருண்டுபோயின.

"வீட்டுக்காரர் போனதிலேர்ந்து அவங்க கை சரியில்ல சார்" என்றார் சூப்பர்வைசர். "நான் குறையா சொல்லல. ஆனா கண்ணால பாக்குறோமில்ல?"

புருஷன் நெஞ்சுச்சளியில் செத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த மனுஷன் வாழ்நாளில் ஒரு ஸ்ட்ராபெரிச் செடியைத் தொட்டதில்லை. செத்தபிறகு ஆயிரம் செடியைக் கொன்ற பழி அவன் மேலும் விழுந்தது, அவள் மேலும் விழுந்தது.

கொக்கியக்காவை நாற்று மேசை முன்னால் கிடந்த முக்காலியிலிருந்து எழுப்பி மண் கலக்கும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். குனிந்து மூட்டை தூக்கினால் படுத்தபடுக்கைதான் என்று டாக்டர் எச்சரித்த முதுகு அது. மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து அவளால் இறங்க முடியவில்லை. கூட வேலை செய்யும் நெட்டைதான் கையைப் பிடித்து இறக்கினாள்.

"பேசாம நின்னுடுக்கா. உயிரா முக்கியம், வேலையா முக்கியம்?"

"வேலை போனா உயிர் எதுல ஓடும்? காத்துலயா?"

"அப்ப அந்த ஆளை நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேளு."

"கேட்டு அசந்துபோச்சுடி."

உண்மையிலேயே கேட்டிருந்தாள். குட்டி வேர் பிடிக்கும்வரை தாய்ச்செடிதான் கொடி வழியாகத் தண்ணீர் கொடுக்கும். அதற்கு மூன்று நாலு வாரம் ஆகும். மெல்ல இழுத்துப் பார்த்து, குட்டி மண்ணை விடாமல் பிடித்துக்கொண்டால்தான் கொடியை வெட்டவேண்டும். ஆர்டர் அவசரம் என்று இந்தத் தடவை எட்டாம் நாளே வெட்டச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர். வேண்டாம் என்று அன்றைக்கே அவள் தடுத்தாள். "உங்க வேலை கொக்கி. கத்திரி என் வேலை" என்று வாயை அடைத்துவிட்டார்.

மறுநாள் காலை இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஆபீஸ் அறைக்குப் போனாள். முதலாளியோடு சூப்பர்வைசரும் இருந்தார்.

"நாலு ட்ரே தொட்டி குடுங்க சார். ரெண்டுல நான் வைக்கிறேன், ரெண்டுல இவர் வைக்கட்டும். என்னோடதுல ஒண்ணு, இவரோடதுல ஒண்ணு எட்டாம் நாள் வெட்டுவோம். மத்த ரெண்டையும் நாலு வாரம் விட்டு வெட்டி, இன்னொரு வாரம் பாப்போம். என் கைதான் காரணம்னா என் ரெண்டும் சாகட்டும்."

"செத்தா?" என்றார் முதலாளி.

"நானே நின்னுக்கறேன்."

சூப்பர்வைசர் சிரித்தார். "பரீட்சை எல்லாம் வைக்குறாங்க சார், பெரிய காலேஜ் மாதிரி!"

முதலாளிக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். சரி என்றார். ஆனால் அதுவரைக்கும் அவள் கொட்டகையிலேயே இருக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

ஒரே கூடாரம், ஒரே மண், ஒரே தண்ணீர். சூப்பர்வைசருக்குக் குருத்து வைக்கத் தெரியவில்லை. தோற்றால் போவது தன் பிழைப்பு என்று தெரிந்தும் அவள்தான் பக்கத்தில் நின்று, "இவ்வளவு ஆழம் வேணாம் சார், கழுத்து தெரியணும்" என்று சொல்லிக்கொடுத்தாள். நெட்டைக்கு ஆத்திரமாக வந்தது. "எதிரிக்குமா பாடம் எடுப்பே?"

"அவர் தப்பா வச்சு செத்துச்சுன்னா, எதால செத்துச்சுன்னு எப்படிடி தெரியும்? சரியா வச்சாத்தான் கணக்கு சரியா வரும்."

மூட்டை தூக்கியபடியே ஐந்து வாரம் ஓடியது. ராத்திரி புரண்டு படுக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு காலையும் எழுந்திருப்பதற்கு முன், இன்றைக்கு மட்டும் போவோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடைசி நாள் முதலாளி வந்து நின்றார். எட்டாம் நாள் வெட்டிய ட்ரேக்கள் இரண்டும், அவள் வைத்ததும் சூப்பர்வைசர் வைத்ததும், டீத்தூள் நிறத்தில் சருகாகிக் கிடந்தன. நாலு வாரம் விட்ட இரண்டிலும் பச்சை. முதலாளி ஒரு செடியை இழுத்துப் பார்த்தார். தொட்டியோடு சேர்ந்து வந்தது.

"அப்ப வெட்டினதுதான்…" என்று சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதானே சார் சீக்கிரம் அனுப்பணும்னு…"

"சரி, சரி. இனிமே நாலு வாரம் விடுங்க." அவள் பக்கம் திரும்பினார். "நாளையிலேர்ந்து மேசைக்கு வந்துடும்மா. ராசி திரும்பிடுச்சு பாரு."

அவளுக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் விடவில்லை.

"இவர் வச்ச ட்ரேயிலயும் ஒண்ணு செத்திருக்கு சார். இவர் வீட்டம்மா நல்லா குத்துக்கல்லாட்டம் இருக்காங்களே, அது ஏன் செத்துச்சு?"

முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். மன்னிப்பு என்ற சொல் அந்தக் கூடாரத்துக்குள் வரவேயில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் முக்காலியில் உட்கார்ந்தபோது முதுகு பழையபடி வளையவில்லை. ஐந்து வாரத்து மூட்டைகள் அங்கேயே தங்கிவிட்டிருந்தன. ஒரு சாக்கை மடித்து முதுகுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டாள். கத்திரியோடு அந்தப் பக்கம் போன சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள்.

"கத்திரியை இங்க வச்சுட்டுப் போங்க சார்."

அவர் மேசைமேல் வைத்தார். அதைக் கொக்கி டப்பாவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டு, அவள் அடுத்த குட்டியை எடுத்தாள்.