கொப்பரைக் களத்தில் ஒரு நாற்காலி

கொல்லயில் ஊர்ப் பக்கத்தில் என்னைப்போல் கொப்பரை காயவைத்தவன் எவனும் கிடையாது. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன்தான். ஆனால் வானத்தைப் பார்த்தே மழை வருமா வராதா என்று சொல்லிவிடுவேன். காட்டாக்கடைச் சந்தை வியாபாரிகள் என் சரக்கை ஒடித்துப் பார்க்காமலே எடுப்பார்கள்.

தொண்ணூறுகளில் என் மனைவிக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. மெல்ல வளரும் வகை என்றார்கள். களத்துத் தூசி பட்டுக் காய்ச்சல் வந்துவிடக் கூடாது என்று உள்ளறையில் சன்னலை அடைத்துப் படுக்கவைத்தோம். நாளாக ஆக எலும்பெல்லாம் வலிக்கிறது என்று அழுதாள். திருவனந்தபுரத்து டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"வைட்டமின் டி தீரெ குறவு, ரொம்பக் கம்மி. மாத்திரை தராம். வெயிலும் கொள்ளணும்."

"வெயில் கொண்டா நோய் மாறிக் குணமாவுமா டாக்டரே?"

"எலும்பு வலி குறையும். இரத்தத்துக்க காரியம் இப்ப சொல்ல முடியாது."

அவர் சொன்னதில் பாதிதான் என் காதில் ஏறியது. வெயில்தானே, அது என் தொழில். மறுநாளே களத்தின் நடுவில் கொப்பரையை விலக்கி நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தேன். முகத்தில் வெயில் ஏறினால் முதுகைக் காட்டித் திருப்பி உட்காரவைப்பேன்.

"என்னையும் புரட்டிப் போடுதியளா? காஞ்ச பொறவு காட்டாக்கடைக்குக் கொண்டு போவியளாக்கும்."

"உன்ன எவன் எடுப்பான்? எடை இல்லியே மக்கா."

"ஈரம் போனா எடை குறையத்தானே செய்யும்" என்று சிரித்தாள். உள்ளறையில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் என் கணிப்பையும் மீறித் திடீரென்று மழை இறங்கியது. மழை என்றால் எங்கள் வீட்டில் எல்லாரும் கொப்பரைக்குத்தான் ஓடுவோம். அன்று நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"சரக்கு நனையுது, அத எடுங்க. நான் எங்க போவேன்?"

"கெடக்கட்டு."

ஆடியாகிய கர்க்கடக மாதம் வெயில் முகமே காட்டவில்லை. கொப்பரைக்குப் புகைக்கூடு உண்டு, தீ மூட்டிக் காயவைத்துவிடலாம். அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. விடிந்ததும் கேட்பாள்: "இன்னைக்கு வெயில் உண்டா?" வானம் கருத்துக் கிடக்கும். "உண்டு" என்பேன். அந்த மழையிலேயே போய்விட்டாள்.

ஆவணியாகிய சிங்க மாதம் பிறந்ததும் நல்ல வெயில். ஆட்கள் களம் நிறையக் கொப்பரை பரப்பினார்கள். நாற்காலி கிடந்த இடத்தை மட்டும் விட்டிருந்தார்கள்.

"அங்கயும் போடுங்கலே" என்றேன். "நல்ல வெயில் விழுத எடமாக்கும்."