மூக்கு மறந்த நெடி

என் பழைய நாட்குறிப்பின் ஒரு பக்கத்தில் 'குறை ஏதுமில்லை' என்று எழுதியிருக்கிறேன். அதன் கீழே மிளகாய் பஜாரின் ஐந்து அமைப்புகளின் சார்பில் ஐந்து கையெழுத்துகள். நான்கு வரிசையாக நிற்கின்றன. ஐந்தாவது கோட்டை விட்டு மேலேறிப் போகிறது. அது சுமை தூக்குவோர் சங்கத் தலைவருடையது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நான் வியாபாரிகள் சங்கத்தில் எழுத்தர். விருதுநகர் ரயில் நிலையத்தை ஒட்டிச் சில குடும்பங்கள் வீடில்லாமல் கிடந்தன. வெள்ளிக்கிழமை மூன்று அமைப்புகள் அவர்களுக்குத் தயிர்சாதம் கொண்டுவரும்; சனிக்கிழமை ஒருவரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். "தயிர்ச்சோத்துக்கு இம்புட்டு போட்டி போடுதீக, ஒரு கூரைக்குப் போட்டி போடக் கூடாதா?" என்று எல்லோரையும் கேலி செய்தே ஒரே ஜமுக்காளத்தில் உட்கார வைத்தவர் தலைவர்.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை பார்த்து, கணவனை இழந்து, வாடகை வீட்டையும் இழந்த ஒரு பெண் நான்கு வயது மகளுடன் அங்கே இருந்தாள். தாயை ஒரு விடுதியிலும் பிள்ளையை வேறொன்றிலும் சேர்க்கலாம் என்றார்கள். அவள் மகளை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் இருவரும் சேர்ந்து தங்க ஓர் இடம் வேண்டும்.

எங்கள் வியாபாரி ஒருவர் தம் காலிக் கிட்டங்கியைக் கொடுத்தார். வருடக்கணக்காக மிளகாய் வற்றல் மூட்டை அடுக்கிய இடம். கழுவி வெள்ளையடித்தோம். நான் நீளம் அகலம் அளந்தேன், ஜன்னல்களை எண்ணினேன், தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பிறகு நாட்குறிப்பில் 'குறை ஏதுமில்லை' என்ற அந்த வாக்கியத்தை எழுதினேன். ஐவரும் கையெழுத்திட்டோம்.

அன்று சாயங்காலம் குடும்பங்கள் வந்து பாய் விரித்ததும் ஒரு மூலையில் தும்மல் கிளம்பியது. அடுத்து இன்னொரு மூலை. சற்று நேரத்தில் கிட்டங்கி முழுவதும் தும்மியது. குழுவினர் எங்கள் ஐவருக்கு மட்டும் ஒரு தும்மல்கூட வரவில்லை. அந்தச் சிறுமி மூச்சுக்குத் திணறினாள். தாய் மூட்டையைக் கட்டிவிட்டாள்.

"கோவிச்சுக்கிடாதீகய்யா. பிள்ளைக்கு எளைக்குது. நாங்க டேசனுக்கே போயிருதோம்."

தலைவர் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, தாழ்ப்பா வரைக்கும் பாத்தீகளே, ஒரு மூச்சு இழுத்துப் பாத்தீகளா?"

"நீங்களுந்தான் கையெழுத்துப் போட்டீக, தலைவரே."

"அதைத்தான் சொல்லுதேன். மொளகாயிலயே பொழைச்சு நம்ம அஞ்சு மூக்கும் செத்துப்போச்சு!" என்று சிரித்தவர், சிறுமியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

நடந்தது அடுத்த தெருவில் இருந்த அவருடைய சங்கக் கட்டடத்துக்கு. வேலை முடிந்த பிறகு உறுப்பினர்கள் தாங்களே செங்கல் சுமந்து கட்டியது அது. வாசலில் சீட்டாடிக்கொண்டிருந்த ஒருவர், "அப்ப நாங்க எங்கன போக?" என்று எழுந்தார். "கிட்டங்கிக்கு வாலே. நம்ம மூக்குக்கு மொளகாயும் ஒண்ணுதான், மல்லியப்பூவும் ஒண்ணுதான்" என்றார் தலைவர். முணுமுணுத்துக்கொண்டே அவர்கள் சீட்டுகளைப் பொறுக்கினார்கள். கிட்டங்கியில் விரித்திருந்த பாய்களைத் தூக்கி வந்து விரித்துக் கொடுத்ததும் அவர்கள்தான்.

மழைக்காலம் முழுதும் குடும்பங்கள் எல்லாம் அங்கேதான் தங்கின; தாயும் மகளும் சேர்ந்தே இருந்தார்கள். எந்த அமைப்புக்கு எந்தக் கிழமைச் சமையல் என்று நான் பட்டியல் எழுதினேன். சித்திரையில் சூலக்கரைப் பக்கம் அவளுக்கு வாடகை அறை கிடைத்தது. வீட்டுக்காரரிடம் பொறுப்பேற்றுப் பேசியவர் தலைவர். சங்கக் கூட்டங்கள் மட்டும் அவர் இருந்த காலம்வரை மிளகாய்க் கிட்டங்கியிலேயே நடந்தன.

ஓய்வுக்குப் பின் சில வருடங்கள் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்துவிட்டுப் போன மாதம் ஊர் திரும்பினேன். பஜாரில் நுழைந்ததும் மூன்று தும்மல். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் சிரித்தார்: "வெளியூருங்களாய்யா?"

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை எடுத்தேன். எழுதியதைத் திருத்தும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும், மேலேறிப் போகும் அந்தக் கையெழுத்தின் கீழே மிச்சமிருந்த இடத்தில் 'நெடி உண்டு' என்று எழுதி வைத்தேன்.