கன்னியம்மாள் கேட்ட காரணம்

போன செவ்வாய்க்கிழமை படப்பையில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தபோது கன்னியம்மாளின் மகள் போன் செய்தாள். அம்மா காலையில் தவறிவிட்டார் என்றாள். வந்த ஆட்டோவை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். நம் அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் இதற்குள் செய்தி எட்டியிருக்கும். ஆனால் அவர் பணியில் சேர்ந்த அன்று நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது.

சேரப்பணஞ்சேரியிலிருந்து அலுவலக உதவியாளராக வந்தார். அதே நாளில் அதே பதவியில் இன்னொருவரும் சேர்ந்தார். யாருக்கு என்ன வேலை என்று பிரிப்பது எழுத்தரான என் பொறுப்பு. அந்த இன்னொருவருக்குக் கோப்பு கொண்டுபோவதும் அதிகாரிக்கு டீ கொடுப்பதும். கன்னியம்மாளுக்குக் கூட்டுவதும் கழிப்பறை கழுவுவதும். யாரும் என்னை அப்படிப் போடச் சொல்லவில்லை. கன்னியம்மாளின் சாதியிலிருந்து யார் சேர்ந்தாலும் அப்படித்தான் போடுவோம். அரசுப் பணியில் சாதி பார்க்கக் கூடாது என்கிற சட்டத்தைத் துறைத் தேர்வில் எழுதி மார்க் வாங்கிய ஆள் நான்.

இதை எழுத்தில் தருவதில்லை, வாயால் சொல்வதுதான் வழக்கம். சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. எழுதிக் கொடுங்கள், காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்டார்.

"வேலை குடுக்கசொல்லோ சாதி பார்த்தீங்க, அது சட்டம். வேலையைப் பிரிக்கசொல்லோ பார்க்கறீங்களே, அது இன்னா சட்டம் சார்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த வேகத்தில் எழுத உட்கார்ந்தேன். பெயர், பதவி, வேலை எல்லாம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. 'நிர்வாக நலன் கருதி' என்று எழுதியிருக்கலாம். எதற்கும் அதைத்தான் எழுதுவோம். ஆனால் அவர் எதிரிலேயே நின்றிருந்தார். உண்மையை எழுதினால் நான் ஜெயிலுக்குப் போக வேண்டும். பொய்யை எழுதினால் அவர் கழிப்பறைக்குப் போக வேண்டும்.

தாளைக் கிழித்தேன். இருவருக்கும் எல்லா வேலையும் வாரம் மாற்றி வாரம் என்று புதிதாக எழுதி, அதிகாரியிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, ஏன் இப்படி என்றார். விதி அதுதான் என்றேன். கையெழுத்துப் போட்டார். கன்னியம்மாள் முதல்முதலாகக் கொண்டுபோன டீயை ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குடித்தும் விட்டார்.

அதற்குப் பிறகு என் மேஜையைத் தாண்டும்போதெல்லாம், "இன்னா சார், காரணம் எழுதியாச்சா?" என்று கன்னியம்மாள் சீண்டுவார். நானும் சிரித்துவிட்டு, எழுதியதை மறுபடி ஒருமுறை படித்துப் பார்ப்பேன். அப்படிப் படித்ததில் நான் திருத்திய ஆணைகள் பல. எத்தனை பேருக்குச் செய்யவிருந்த தவறிலிருந்து அவர் என்னைக் காப்பாற்றினார் என்று எனக்குத்தான் தெரியும்.

சுங்குவார்சத்திரம் கம்பெனியில் ஷிப்ட் போகும் அவர் மகள், அடக்கம் முடிந்ததும் என்னிடம் வந்தாள். "சேர்ந்த அன்னிக்கே நாயமா ஆர்டர் போட்டுக் குடுத்தவரு நீங்கன்னு அம்மா சொல்லிக்கினே இருப்பாங்க சார்" என்றாள். நான் கிழித்த தாளைப் பற்றி கன்னியம்மாள் வீட்டில் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. அங்கே தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் இங்கே எழுதிவிட்டேன். அவர் மகளும் படிக்கட்டும். கன்னியம்மா, நீங்கள் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன நல்ல பெயரைத் திருப்பித் தர மனமில்லை. அதற்குத் தகுந்தவனாக இருக்கப் பார்க்கிறேன்.