ஏரிக்கரைப் பள்ளியின் சனிக்கிழமைகள்

போன வாரம் திருச்சானூரிலிருந்து திருப்பதிக்கு ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவதாக ஒருவர் ஏறி, பாதி சீட்டின்மேலும் பாதி என்மேலுமாக உட்கார்ந்தார். அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருப்பார்போல, மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். ஆட்டோ பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அந்தத் தலை என் தோளில் இடித்தது. சட்டையில் சந்தனம் ஒட்டியது. "சாரி சார்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஈரச் சந்தன வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கோவில் நினைவு வரும். எனக்கு வைவா நினைவு வரும்.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன். முனைவர் பட்டத்துக்குக் கடைசிக் கட்டம் வாய்மொழித் தேர்வு. அதைத்தான் வைவா என்போம். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் தேர்வாளராக வந்து, எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்பார். மற்ற ஊர்களில் அந்தத் தேர்வாளரை வரவழைப்பதற்குள் ஆராய்ச்சி மாணவனுக்குத் தாடி நரைத்துவிடுமாம். திருப்பதியில் அந்தக் கஷ்டமே கிடையாது. வைவா என்று போனில் சொன்னதும், "தரிசனத்துக்கு ஏற்பாடு பண்ணிடுவீங்கல்ல?" என்று அவர்களே கேட்பார்கள். தரிசனம் எந்தத் தேதியில் கிடைக்கிறதோ அதுதான் வைவா தேதி. ஆராய்ச்சியில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது, தரிசனச் சிபாரிசுக்கு யார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதுதான். என் வைவாவுக்கு வந்தவர் லட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டேதான் கேள்வி கேட்டார். கேள்விகளும் இனிப்பாகவே இருந்தன.

இந்திராணி அக்காவின் வைவாவுக்கு வந்தவர் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். தலையில் சந்தனம் காயாமல் இருந்தது.

இந்திராணி அக்கா நகரிப் பக்கம் எல்லைக் கிராமம் ஒன்றில் தமிழ் மீடியம் தொடக்கப் பள்ளி டீச்சர். ஆராய்ச்சியில் எங்கள் இருவருக்கும் ஒரே கைடு. நான் முழுநேர மாணவன், அதாவது வேலை கிடைக்காதவன். அக்கா பகுதிநேரம். நகரியில் அவர் ஏறும் பஸ்ஸில்தான் நான் புத்தூரில் ஏறுவேன். எனக்கென்று பையை வைத்து இடம் பிடித்திருப்பார். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "துன்னியா தம்பி?" என்பதுதான். துன்னேன் என்றாலும் விடமாட்டார். எலுமிச்சைச் சாத டப்பா திறக்கும். ரேணிகுண்டா தாண்டும் வரைக்கும் சாப்பாடும் பல்கலைக்கழக விதிகளும்தான் எங்கள் பேச்சு.

விதிகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருப்பது நல்லது. நுழைவுத் தேர்வு, நேர்காணல், அப்புறம் முன்தகுதித் தாள்கள். வேலையில் இருப்பவர்களுக்கு மேலதிகாரியிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற சான்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழுவின் முன்னால் போய் நின்று, முன்னேறியிருப்பதாக நடிக்க வேண்டும். கட்டுரைகள் அச்சாக வேண்டும். காப்பியடித்ததைக் கண்டுபிடிக்க ஒரு மென்பொருள் உண்டு. என் ஆய்வேட்டில் அது அதிகமாகக் காப்பி என்று காட்டியது நன்றியுரையைத்தான். இவற்றையெல்லாம் பதிவுக் காலத்துக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்குக் கொஞ்சம் சலுகைக் காலம் உண்டு. அக்கா அதையும் வாங்கி, அதில் பாதியையும் செலவழித்திருந்தார். அதற்குமேல் பதிவு தானாக ரத்தாகிவிடும்.

அக்காவுக்கு அந்தப் பட்டம் வெறும் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள அல்ல. ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளராகப் போக வேண்டும் என்று ஆசை. "நான் ஒருத்தி எத்தினி பசங்களுக்கு எழுத்து சொல்லித் தர்றது தம்பி? டீச்சருங்களுக்கே சொல்லிக் குடுக்கற எடத்துக்குப் போய்ட்டா, மண்டலம் பூரா படிக்கும்ல?" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கும். நான் பிஎச்.டி. சேர்ந்தது பெண் பார்க்கிற இடத்தில் சொல்லிக்கொள்ள.

கல்வியியலில் ஒரு வழக்கமான ஆராய்ச்சி முறை உண்டு. இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் முதலில் ஒரு தேர்வு வைப்போம். பிறகு ஒரு பள்ளியில் மட்டும் புதிய முறையில் பாடம் நடத்துவோம். இன்னொரு பள்ளியை அப்படியே விட்டுவிட வேண்டும். அதற்குப் பெயர் கண்ட்ரோல் குரூப். கடைசியில் இரண்டு பள்ளிக்கும் மறுபடி ஒரு தேர்வு. நாம் நடத்திய பிள்ளைகள் முன்னேறி, விட்ட பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றால் ஆராய்ச்சி வெற்றி. அந்தப் பிள்ளைகள் எவ்வளவுக்கெவ்வளவு பின்தங்குகிறார்களோ அவ்வளவுக்கவ்வளவு நமக்கு நல்லது. அப்போது இதில் எனக்கு ஒன்றும் தவறாகப் படவில்லை. எல்லோரும் செய்வதுதானே.

அக்கா படங்களும் சொற்களும் எழுதிய அட்டைகளைத் தானே வெட்டித் தயாரித்திருந்தார். தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவற்றை வைத்து நடத்தினார். கண்ட்ரோல் குரூப்பாக எடுத்துக்கொண்டது பக்கத்து ஊர் ஏரிக்கரைப் பள்ளி. ஒரே அறை, ஒரு வாத்தியார், வெளியே ஒரு புங்கமரம். முதல் தேர்வு வைக்கப் போன அன்று நானும் துணைக்குப் போயிருந்தேன். தேர்வு முடிந்து கிளம்பும்போது ஒரு பெண் குழந்தை அக்காவின் பையைத் தொட்டுக் கேட்டது.

"அந்த ஸ்கூலு பசங்களுக்கு அட்ட வெச்சி நடத்தறீங்களாமே, எங்களுக்கு எப்ப டீச்சர்?"

"அப்பறமா வர்றேன் கண்ணு" என்றார் அக்கா. கடைசித் தேர்வு முடிந்தபின் வந்து நடத்துவதாகத்தான் அவர் நினைப்பு. என்னைப் பஸ் ஏற்றிவிடும் வரைக்கும் அன்று அவர் டப்பாவைத் திறக்கவே இல்லை.

இனி வைவா அன்றைக்கு வருகிறேன். வைவா எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். எங்கள் வழக்கத்தில் கேட்பது ஆராய்ச்சி மாணவர்கள்தான். யார் எதைக் கேட்பது என்று முதல் நாளே டீக்கடையில் பங்கு பிரித்துக்கொள்வோம். பதிலும் சேர்த்தே தயாராகும். ஆனால் இந்திராணி அக்கா அந்த அறிவிப்பை அப்படியே நம்பிவிட்டார். பொது என்றால் பொதுதானே? இரண்டு பள்ளிகளின் பெற்றோரையும் அழைத்துவிட்டார். பின்வரிசை முழுக்க வேட்டியும் தலையில் பூவுமாக நிறைந்திருந்தது. எங்கள் துறை அறையில் அப்படியொரு கூட்டத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அக்கா இங்கிலீஷில் ரொம்ப நன்றாகப் பேசினார். ஆய்வுப் பொருள் தமிழ் வாசிப்பு என்பதால் தேர்வாளர் தமிழ்நாட்டுக்காரர். சந்தனத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவருக்கு ஒரே ஒரு குறைதான். இரண்டு குழுவுக்கும் இடையே எதிர்பார்த்த அளவு வித்தியாசம் இல்லையே என்றார். அது ஆய்வின் வரம்பு என்று அக்கா மெதுவாகச் சொன்னார். அவரும் விட்டுவிட்டார். துறைத் தலைவர் சபையைப் பார்த்து, கேள்வி உண்டா என்றார். நான் எழுந்து என் பங்குக் கேள்வியை ஒப்பித்தேன். அக்கா பதிலை ஒப்பித்தார். எல்லாம் முடிந்தது என்று சமோசா வாசனை பக்கம் மனசு போன நேரத்தில், பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். ஏரிக்கரை முனிரத்னம். அக்காவின் பையைத் தொட்டுக் கேட்ட அந்தக் குழந்தையின் நைனா. பூத்தோட்டக்காரர்.

"வணக்கங்க. கேள்வியெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரு வார்த்த சொல்லிக்கறேன். எங்க ஏரிக்கர ஸ்கூலுக்கு இந்த டீச்சரம்மா சனிக்கெழம சனிக்கெழம வந்துகினு இருந்தாங்க. அவங்க பசங்களுக்குக் காட்ன அதே அட்டைங்கள எட்த்தாந்து எங்க பசங்களுக்கும் காட்னாங்க. எம் பொண்ணு இப்ப பேப்பரு படிச்சிக்கினு கீது சார். இவங்களுக்குப் பெரிய பட்டமா பார்த்துக் குடுங்க."

பின்வரிசை கைதட்டியது. தலைவருக்கும் எங்கள் கைடுக்கும் தமிழ் ஓடாது, அவர்களும் சிரித்துக்கொண்டே சேர்ந்து தட்டினார்கள். தேர்வாளர் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த ஏரிக்கரைப் பள்ளி எந்தக் குரூப்பும்மா?"

"கண்ட்ரோல் குரூப் சார்."

தேர்வாளர் நல்ல மனிதர். அதை இன்றைக்கும் சொல்வேன். கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்தார். "கடைசித் தேர்வு முடிஞ்சப்புறம்தானே போய் நடத்தினீங்க?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். சொல்லிவிடு அக்கா, சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அக்கா பின்வரிசையைப் பார்த்தார்.

"இல்ல சார். முன்னாடியே."

"ஏம்மா?"

"ஸ்கூல மூடி வேற ஸ்கூலோட சேர்க்கப் போறாங்கன்னு தெரிஞ்சிபோச்சு சார். அப்பறம்னு சொன்னா அந்த அப்பறம் வராதுன்னு தெரியும். அந்தப் பசங்க மொகத்தப் பார்த்துக்கினே சும்மா இருக்க முடியல."

"ஏமண்ட்டுன்னாரு?" என்ன சொல்கிறார்கள் என்று எங்கள் கைடு தெலுங்கில் கேட்டார். தேர்வாளர் அவர் பக்கம் குனிந்து இங்கிலீஷில் சொன்னார்.

வழக்கப்படி எங்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். வழக்கப்படி என்றால் கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டு, டாக்டர் இன்னார் என்று அறிவித்து, கைதட்டச் சொல்ல வேண்டும். கூப்பிடவே இல்லை. பின்வரிசைக்காரர்கள் தாழ்வாரத்தில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து அக்கா தனியாக வெளியே வந்தார். புதிதாக வேறொரு கண்ட்ரோல் குரூப்பை எடுத்து, ஆய்வை மறுபடி செய்து சமர்ப்பிக்கச் சொல்லிவிட்டார்கள். அதை என்னிடம் சொல்ல அவர் வாயெடுப்பதற்குள், முனிரத்னம் தன் தோட்டத்துச் சாமந்தி மாலையைப் போட்டுவிட்டார்.

"நாம ஒரு வார்த்த சொன்னதுல சட்னு குடுத்துட்டாங்க பார்த்தீங்களா டாக்டரம்மா!"

அக்கா என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். சொல்லாதே என்று அர்த்தம். மாலையோடு எல்லோருடனும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் போட்டோ என் போனில் இருக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். அக்காவும்தான்.

அதன்பின் நானும் அவரும் என் பைக்கில் எல்லைக் கிராமங்களாகத் தேடினோம். தமிழ் மீடியம் வேண்டும், அட்டை காட்டப்படாத பிள்ளைகள் வேண்டும். நகரியிலிருந்து சத்தியவேடு வரைக்கும் போனோம். ஒரு ஊரில் தமிழ்ப் பிரிவை இங்கிலீஷ் மீடியம் ஆக்கிவிட்டிருந்தார்கள். இன்னொரு ஊரில் பெற்றோர்களே பிள்ளைகளைக் கான்வென்ட் வேனில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ஒரு தலைமையாசிரியர் பெஞ்சுகளைக் காட்டி, "போன வருசம் வந்திருந்தீங்கன்னா பசங்க இருந்தாங்கம்மா" என்றார். அடுத்த ஊரிலும் ஏறக்குறைய அதே பதில்தான். பதிவுக் காலம் முடிந்தது. விதி தன் வேலையைச் செய்தது. அக்கா அழுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். "வுடு தம்பி, நீ வா, துன்னுவோம்" என்று ஏரிக்கரைப் பள்ளிப் புங்கமர நிழலில் டப்பாவைத் திறந்தார். அழுதது நான்தான்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் அக்கா போய்விட்டார். அந்த நாட்களில் யாராலும் யாரையும் போய்ப் பார்க்க முடியவில்லை. கெடுபிடி தளர்ந்ததும் போனேன். ஊர் முகப்பில், தமிழிலும் தெலுங்கிலுமாக ஒரு பெரிய பிளெக்ஸ் கட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி, டாக்டர் இந்திராணி டீச்சர். படம், மாலையோடு அன்று எடுத்த அதே போட்டோவிலிருந்து வெட்டியது. முனிரத்னம் வைத்தது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அன்னிக்கு எனக்குப் பேசவே தெரியல சார். ஆனா நான் பேசுனது சரியாத்தானே இருந்துச்சு?"

"ரொம்ப சரியா இருந்துச்சுங்க" என்றேன். பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை.

அந்த பிளெக்ஸ் வெயிலில் வெளுத்து, எந்த மழையிலோ கிழிந்துபோயிற்று. ஏரிக்கரைப் பள்ளிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. ஓட்டுப் போடும் நாளில் மட்டும் திறப்பார்கள். புங்கமரம் சாலையை அகலப்படுத்தியதில் போய்விட்டது. எங்கள் கைடு ஓய்வு பெற்றுப் பிள்ளையோடு அமெரிக்காவில் இருக்கிறார். வைவாகூட இப்போது திரையில்தான். தேர்வாளர் தன் வீட்டு ஹாலில் இருந்தபடியே கேட்கிறார். அதற்கு மொட்டையும் வேண்டாம், லட்டும் வேண்டாம்.

ஆட்டோவை விட்டு இறங்கி நான் போனதும், அதே துறை அறையில் நடந்த அப்படியொரு கூட்டத்துக்குத்தான். இப்போது நான் சித்தூரில் ஒரு பி.எட். கல்லூரியில் வேலை பார்க்கிறேன். கைடு என்று என்னையும் நம்பி ஒரு மாணவன் இருக்கிறான். அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்துபோகும் நல்ல பையன். திரையில் தேர்வாளர் தலையாட்ட, அவன் அழகாகச் சொல்லிக்கொண்டு போனான். கண்ட்ரோல் குரூப்புக்கு எந்தப் பயிற்சியும் அளிக்கப்படவில்லை என்ற இடம் வந்தது. சட்டையில் ஒட்டிய சந்தனம் இன்னும் மணத்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் குழந்தையின் குரல் கேட்டது. எப்போதும் இந்த இடத்தில் கேட்கும். காதுக்குள் இல்லை, பின்வரிசையிலிருந்து.

தலைவர், கேள்வி உண்டா என்றார். திரையில் கறுப்புக் கட்டங்கள், எல்லா மைக்கும் அணைந்திருந்தது. நான்தான் வாயைத் திறந்தேன்.

"அந்தப் பசங்க, எங்களுக்கு எப்ப சார்னு கேட்டிருப்பாங்களே. என்னப்பா சொன்ன?"

அவன் குழம்பிப்போய்த் தன் தாள்களைப் புரட்டினான். "எந்தப் பசங்க சார்?"

பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலிகளையே எடுத்துவிட்டிருந்தார்கள்.