வரி கட்டியவர்கள் ஆடும் இடம்

எனக்கு ஊர் திண்டிவனம். சாக்ஸபோன் வாசிக்கிறேன். சனிக்கிழமைகளில் புதுச்சேரி ஹோட்டல் ஒன்றில் ப்ளூஸ் என்கிற மேல்நாட்டு இசை. ஆடி மாதம் பிறந்துவிட்டால் ஊர் ஊராகத் திருவிழாக் கச்சேரி. ஹோட்டலில் உயிரைக் கொடுத்து ஊதினாலும் மீனில் முள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் நாலு பேர் கை தட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அங்கே பில் கட்டுகிறவன் எவனும் எங்கேயும் உட்காரலாம்.

கிராமத்தில் மேடை ஏறியதும் முதலில் கூட்டத்தைத்தான் பார்ப்பேன். முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஊர்க்காரர்கள். இடது பக்கம் தரையில் அவர்கள் வீட்டுப் பெண்கள். ஜெனரேட்டருக்குப் பின்னால் நின்றபடி காலனிக்காரர்கள். மேடைக்கு முன்னால் விட்டிருக்கும் மண்தரையில் ஆட வேண்டுமென்றால் கோயில் வரி கட்டியிருக்க வேண்டும். காலனியில் வரி வாங்கமாட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். எவன் யோசித்த சட்டமோ, அவன் நாசமாய்ப் போக.

போன ஆடியில், கண்டாச்சிபுரம் தாண்டி ஒரு ஊரில், காலனி இளைஞன் ஒருவன் அந்த மண்தரையில் இறங்கினான். குத்துப்பாட்டின் நடுவில் நான் தனியாக ஊதும் இடம் அது. என் வாசிப்புக்கு அப்படி ஒருவன் ஆடி நான் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

"வரி கட்டாதவன் எவன்டா இங்க வந்து ஆடிக்கினு இருக்கிறது?"

கேட்டவனே முதலில் அடித்தான். பிறகு பத்துப் பேர். பந்தலுக்குப் போட்டது போக மிச்சமிருந்த சவுக்குக் கட்டைகளை எடுத்துக்கொண்டார்கள். அவன் முழங்கால் உடைந்த சத்தம் மேடைவரை கேட்டது.

"அம்மன் பாட்டு எடுங்க, ஜல்தி," என்றார் கீபோர்டு வாசிக்கும் எங்கள் குழுத் தலைவர். கச்சேரிக்காரர்களின் வழக்கம் அது. அம்மன் பாட்டு எடுத்தால் யாருக்காவது சாமி வரும், அடிக்கிறவன் கும்பிட்டுவிடுவான்.

ஜெனரேட்டர் பக்கமிருந்து தலைவிரி கோலமாக ஒருத்தி வந்தாள். அடிபட்டவனின் அம்மா.

"எம்புள்ள மேல கை வச்சவன் எவன்டா? வாடா முன்னால."

சாமி வராத நேரத்தில் அந்த ஊரில் யாரையும் அவள் 'டா' போட்டிருக்க முடியாது. கட்டை வைத்திருந்தவர்கள் அதைக் கீழே போட்டுவிட்டுக் கை கூப்பினார்கள். விழுந்து கிடந்த மகனுக்கு இரண்டு பக்கமும் காலை ஊன்றி அவள் ஆடினாள்.

தலைவருக்கு நிம்மதி. சண்டை அடங்கிவிட்டது என்று கையைக் காட்டிப் பாட்டை நிறுத்தினார். அவள் ஆட்டம் தளர்ந்தது. ஒருவன் குனிந்து கட்டையைத் தேடினான். உடனே நான் அதே மெட்டைத் தனியாக எடுத்தேன். அவள் மறுபடி ஆடினாள், அவனும் மறுபடி கும்பிட்டான்.

காலனிக்காரர்கள் பந்தலைச் சுற்றிக்கொண்டு அவனைத் தூக்க வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வந்து சேரும்வரை ஊதினால் போதும். மெட்டு தீர்ந்துபோனது. ஹோட்டலில் யாரும் கேட்காத ப்ளூஸையெல்லாம் அதற்குள் நுழைத்து ஊதினேன். நான் நிறுத்தினால் அங்கே கொலை விழும்.

"நிறுத்துய்யா, பேஜாரு பண்ணாத," என்று தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பின்வரிசையில் எவனோ அதையே கத்திக்கொண்டு நாற்காலியை வீசினான். அது சாக்ஸபோனில் மோத, அதன் வாய்ப்பகுதி என் முன்பற்களை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. வாய் நிறைய ரத்தம். அதற்குமேல் என்னால் ஊத முடியவில்லை. காலனிக்காரர்கள் இன்னும் பந்தலைத் தாண்டவில்லை.

அவள் நின்றுவிட்டாள். சுற்றிலும் பார்த்தாள். முடியை அள்ளி முடிந்துகொண்டு மகன் மேல் கவிழ்ந்து படுத்தாள்.

"ஐயா, தெரியாம ஆடிட்டான்யா. என்னிய அடிங்க, புள்ளய உட்டுடுங்கய்யா."

கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் குனிந்து கட்டைகளை எடுத்தார்கள்.