சில்லுப் பூட்டிய வீட்டில் ஒரு கோடை

விடிந்ததும் விடியாததுமாக உங்கள் வீட்டு மலசலகூடத்தைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவால் நடந்திருக்கிறீர்களா? நான் நடந்திருக்கிறேன். எதிரே ஒரு டெனிஷ்காரர் குளியலங்கியோடு வருவார். அவர் கையிலும் அதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஒளிப்பு மறைப்பு ஒன்றும் கிடையாது. சிரித்த முகத்தோடு ‘கொமோர்ன்’ என்று காலை வணக்கம் சொல்லுவார். நானும் ‘கொமோர்ன்’ என்பேன். இரண்டு பேருமாகப் போய், கம்பிங் வண்டிகள் நிறுத்தும் இடத்தின் மூலையில் இருக்கும் குழியில் கொட்டிக் கழுவிவிட்டு, இன்றைக்கு மழை வருமா என்று கைப்பாஷையில் கதைப்போம். யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊர் இளவாலையில், நாங்கள் கக்கூசுக்கு வாளியோடு போகும்போது ஒழுங்கையில் ஆள் வந்தால், பூமரத்துக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி ஒரு நடிப்பு நடிப்போமே, அதெல்லாம் முதல் கிழமையோடு போய்விட்டது!

அது நான் மகளோடு டென்மார்க்குக்கு வந்து இறங்கிய கோடை. என் மனிசன், இவர், எங்களுக்கு முந்தியே வந்து, வீபோர்க் நகரில் பன்றி இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். எங்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டு, இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று நானும் அவரும் காத்திருந்த காலம் இருக்கிறதே, ஐயோ, அதை எதிரிக்கும் நினைக்கமாட்டேன். எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்களைத் தொடவேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியில் வந்தது. ‘தமிழர் வழக்கு’ என்று பேப்பர்க்காரர் எழுதித் தள்ளினார்கள். கடைசியில் அரசாங்கமே பதவி விலகவேண்டி வந்தது. எங்கள் பெயரில் ஒரு அரசாங்கம் விழுந்தது என்று நான் இப்போதும் தங்கச்சிமாருக்குப் பெருமையடிப்பதுண்டு.

வந்து சேர்ந்தோம் சரி, இருக்க வீடு? இவர் இருந்தது நாலு பெடியன்கள் படுக்கிற ஒரு அறையில். கொம்யூன், அதுதான் நகரசபை, தருவதாகச் சொன்ன வீடு கோடை முடியத்தான் கிடைக்கும். மனிசன் யோசித்தார். கூட வேலை செய்கிற ஒருவரிடமிருந்து பழைய கம்பிங் வண்டி ஒன்றை வாங்கி, அதைவிடப் பழைய தன் காருக்குப் பின்னால் கொளுவினார். சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் எடுத்தார். ‘ஏறுங்கோ, வீட்டுக்குப் போவம்’ என்றார். நானும் நம்பி ஏறினேன். பார்த்தால், ஏறி உட்கார்ந்ததுதான் வீடு!

அந்த வீட்டை இன்று நினைத்தாலும் எனக்குக் குதிக்கவேண்டும் போல இருக்கும். மேசையை மடக்கினால் கட்டில். கட்டிலைத் தூக்கினால் பெட்டகம், அதற்குள் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள். நான் மீன் பொரித்தால் பக்கத்து வண்டிக்காரர் எழும்பி வந்து எட்டிப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் விட அந்த ஓட்டம்! லிம்ஃபியோர்ட் என்ற கடனீரேரிக் கரையால் போய், மேற்குக் கடலைப் பார்த்து, திரும்பவும் தெற்கே இறங்கி ஓடினோம். ஊரில் இருந்து கொழும்புக்கு வந்த பயணத்தில், இறங்கு, நட, அடையாள அட்டையைக் காட்டு, ஏறு என்று எத்தனை தடவை! இங்கே ஒரு சென்றி பொயின்ற் இல்லை. ஒருத்தன் கை காட்டி மறிக்கவில்லை. பாலம் வந்தது, ஏறி இறங்கினோம், அவ்வளவுதான். ‘பசிக்கேல்லையோ, நிப்பாட்டட்டோ?’ என்று இவர் கேட்பார். ‘நிப்பாட்டாதேங்கோ! இன்னும் ஓடுங்கோ!’ என்று நான் கத்துவேன்.

ஆனால் மகள் அனிற்றா வாயே திறக்கமாட்டாள். என்னோடு அல்ல, அவரோடு. அவர் புறப்படும்போது அவள் தொட்டில் பிள்ளை. அவளுக்கு அப்பா என்றால் சுவரில் கொளுவியிருந்த படத்தில் இருந்தவர். முதல் நாளே என் காதுக்குள், ‘அம்மா, இவர் இல்லை. எங்கடை அப்பாவுக்குத் தலைமயிர் இருக்கு’ என்று சொல்லிவிட்டாள். வண்டிக்குள் ஒளிய இடமில்லை. முழங்காலோடு முழங்கால் முட்டத்தான் சாப்பிடவேண்டும். அப்படியிருந்தும், ‘அம்மா, அவரிட்டைச் சொல்லுங்கோ, எனக்குத் தண்ணி வேணுமெண்டு’ என்பாள். அவர் ஒரு சாண் தூரத்தில் இருப்பார். தண்ணீரை எடுத்து என்னிடம் தருவார். நான் வாங்கி அவளிடம் கொடுப்பேன்.

‘பிள்ளைக்குப் பழக நாள் எடுக்குமப்பா’ என்று நான் ஆறுதல் சொன்னேன்.

‘நாளுக்கு நான் எங்கை போறது? லீவு முடிஞ்சால் நான் வெள்ளெனப் போய்ப் பின்னேரம் களைச்சு விழுந்து வாற ஆள். இந்தக் கோடைதான் எனக்கு இருக்கு’ என்றார். அவரும் விடவில்லை, ஐஸ்கிறீம் வாங்கினார், குரங்கு மாதிரி முகத்தை வைத்துக் காட்டினார், கடற்கரையில் தலைகீழாகவும் நின்றார். அவள் ஐஸ்கிறீமை மட்டும் சாப்பிட்டாள்.

லீவு முடியும் தறுவாயில் ஃபூன் தீவுக்கு வந்து, ஒரு செரிப்பழத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். அடுத்த வண்டியில் கீர்ஸ்டன் என்றொரு வயதான டெனிஷ்காரி. ‘நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்?’ என்று கேட்டாள். இவர் வண்டியைக் காட்டி ‘இதில்தான்’ என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பகிடி விடுகிறார் என்று நினைத்துவிட்டாள். ஒரு தட்டில் செரிப்பழம் கொண்டு வந்து தந்தாள். தட்டை வெறுமையாகக் கொடுப்பதா? நான் வடை சுட்டு வைத்துக் கொடுத்தேன். அவள் அதே தட்டில் கேக் அனுப்பினாள். நான் ரோல்ஸ் அனுப்பினேன். இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம். இவர் வெளியில் வண்டியின் முன்பந்தலுக்குக் கட்டை அடித்துக்கொண்டிருந்தார். நானும் மகளும் புல்லில் இருந்து செரிக்கொட்டை துப்பிக்கொண்டிருந்தோம். ‘டமார்!’

அடுத்தது என்ன நடந்தது என்று எனக்கு இப்போதும் சரியாகத் தெரியாது. அது தோட்டத்துப் பக்கமா, என்ன சத்தம் என்றெல்லாம் யோசிக்கவில்லை. நானும் அவளும் வண்டிக்குக் கீழே குப்புறக் கிடந்தோம். ஊரில் ஆமிக்காரர் ஷெல் குண்டு குத்தும் சத்தம் கேட்டதும் முற்றத்தில் வெட்டிய பங்கருக்குள் பாய்ந்து பாய்ந்து எங்கள் உடம்புக்குப் பழகிப்போய்விட்டது. இவரோ அதற்கெல்லாம் முந்திப் போனவர். ஷெல் என்பது அவருக்குத் தொலைபேசியில் கேட்ட சொல். சுத்தியலும் கையுமாக நட்டமரமாய் நிமிர்ந்து நின்று, ‘என்னப்பா, ஏன் ஓடுறியள்?’ என்று கேட்டார்.

‘டமார்!’

‘அம்மா, அவருக்குத் தெரியாதம்மா!’ என்று அனிற்றா அலறினாள். நான் சட்டையைப் பிடித்தேன், கையில் அகப்படவில்லை. ஊர்ந்து வெளியே போனாள். ஷெல்லுக்குள் எழும்பி ஓடக்கூடாது என்று நான் அடித்துச் சொல்லிக் கொடுத்த பிள்ளை, எழும்பி ஓடினாள். அவருடைய காற்சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

‘அப்பா! படுங்கோ அப்பா! குப்புறப் படுங்கோ!’

சுத்தியல் விழுந்தது. மனிசன் வெட்டிய வாழை மாதிரி அப்படியே விழுந்தார். அவள் அவரைச் சேட்டுக் கொலரில் பிடித்து வண்டிக்குக் கீழே இழுத்து வந்தாள். அவர் நெடிய ஆள். இடுப்பு வரைக்கும்தான் உள்ளே கொண்டது.

கீர்ஸ்டன் வந்து குனிந்து பார்த்தாள். ஏதாவது துலைத்துவிட்டீர்களா, தேடித் தரட்டுமா என்று கேட்டாள். இல்லை இல்லை என்றார் இவர், தலையை நிமிர்த்தாமலே. பிறகு இரண்டு பேரும் டெனிஷில் ஏதோ கதைத்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, ‘ஒண்டுமில்லையப்பா. குருவி கலைக்கிற சத்தம். தோட்டத்திலை காஸ் சிலிண்டர் பூட்டி வைச்சிருக்கினம். அது தன்ரை பாட்டிலை வெடிக்குமாம்’ என்றார்.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். வெளியே வந்து சீலையைத் தட்டினேன். கீர்ஸ்டனுக்கு எதை எப்படிச் சொல்ல? அவள் என்னையே பார்த்தாள்; பிறகு கோப்பி ஊற்றப் போனாள்.

‘இஞ்சாருங்கோ, குருவிச் சத்தமெண்டு நீங்கள்தானே சொன்னியள். வெளியாலை வாங்கோவன்’ என்றேன்.

‘பொறுமப்பா’ என்று கீழேயிருந்து குரல் வந்தது. ‘பிள்ளை விடுறா இல்லை.’

தோட்டத்தில் திரும்பவும் ‘டமார்’ என்றது. குனிந்து பார்த்தேன். அனிற்றா தன் சின்னக் கையால் அவருடைய வழுக்கைத் தலையைப் புல்லோடு சேர்த்து அமத்திப் பிடித்திருந்தாள். ‘பேசாமல் கிடவுங்கோ அப்பா. இன்னும் முடியேல்லை’ என்றாள். ‘ஓம் பிள்ளை’ என்றார் அவர்.

கீர்ஸ்டன் கோப்பியோடு வந்தாள். வெளியில் நீட்டிக்கொண்டு கிடந்த கால்களைப் பார்த்தாள். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பையை மெதுவாக வைத்துவிட்டுப் போனாள். கோப்பி ஆறும் வரைக்கும், ஆறிய பிறகும், அந்த இரண்டு காலும் டென்மார்க் வெயிலில் கிடந்தன. இடுப்புக்கு மேலே என் மனிசன் இளவாலையில், மகளின் கைக்குக் கீழே கிடந்தார்.